திரும்பு: கடவுளை விட்டு விலகினால் என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

கோபாலபுரத்தில் என் அறையிலிருந்து பேசுறேன். ஜன்னலை மூடியும் நடுவில் ஹாரன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க.

இன்றைய எபிசோடு ஒரு நேயர் அனுப்பிய கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்றேன். சர்ச்சுக்குப் போவதை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. ஜெபம் பண்ணும் பழக்கமும் நின்னுபோச்சு. போன வருஷம் வேலை போய்விட்டது. வீட்டில் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். கடவுளை விட்டு விலகினால் அவர் இப்படித்தான் அடிப்பாரா?

இந்தக் கேள்விக்கு எட்ட நின்று பதில் சொல்ல என்னால் முடியாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐ.சி.யூ. வாசலில்

நான் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், கிறிஸ்துமஸ் கேரல் என்று வளர்ந்தவன். வேலைக்காகச் சென்னை வந்தபோது கோபாலபுரத்தில் அறை கிடைத்தது. அங்கிருந்து கத்தீட்ரல் ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்ததே அங்கே இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயம்தான். 1815-இல் கட்டி முடித்தது. தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27 அன்று அந்த ஆலயத்துக்குள்தான் தொடங்கப்பட்டது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "ஏய்யா, கோயில் பக்கத்துலயே ரூம் கெடச்சிருக்கு. ஆண்டவர் சித்தம்"னாங்க.

நாலு வருஷம் அந்த வாசலைத் தாண்டி ஜிம்முக்குப் போனேன், காபி குடிக்கப் போனேன். உள்ளே போகவில்லை. கடவுள் இல்லை என்று எந்த இரவும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. முதல் ஞாயிறு தூக்கம். அடுத்த ஞாயிறு ஆபீஸ் வேலை. அதற்குப் பிறகு காரணம்கூடத் தேவைப்படவில்லை.

அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குப் போனேன். ஐ.சி.யூ. வாசலில் ஜெபிக்க வந்திருந்த போதகர் ஒருவர் என் தோளில் கை வைத்தார். நீ பின்மாற்றத்தில் போனதால்தான் வீட்டில் இந்த அடி விழுந்தது என்கிற மாதிரி பேசினார். அம்மா பக்கத்தில்தான் நின்றாங்க. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது.

ரொம்ப நாள் கழித்து வேதாகமத்தை எடுத்தேன். பக்தியில் எடுக்கவில்லை, கோபத்தில் எடுத்தேன். இந்த ஆள் சொன்னது இதில் எங்கே இருக்கிறது என்று பார்க்கணும். அதில் கண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஒரே சொல், இரண்டு திசை

'பின்மாற்றம்' என்கிற சொல் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பக்தியாக இருந்து பிறகு விலகிப் போவது. 'அவன் பின்மாற்றக்காரன்' என்று சொன்னால் அதில் கொஞ்சம் பரிதாபமும் நிறைய எச்சரிக்கையும் இருக்கும்.

இதற்குப் பின்னால் இருக்கும் எபிரேய வேர்ச்சொல் 'ஷூவ்'. திரும்பு என்று பொருள். எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மக்கள் விலகிப்போவதைச் சொல்லவும் இந்த வேரிலிருந்து வரும் சொல்தான், அவர்களை வரச் சொல்லி அழைக்கவும் இதே வேர்தான். 3-ஆம் அதிகாரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்.

நமக்கு இது சுலபமாகப் புரியும், ஏன்னா தமிழும் அப்படித்தான். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். சர்ச்சில் 'மனந்திரும்புதல்' என்கிறோம். ஆக, கிறிஸ்தவப் பார்வையில் விலகல் என்பது ஒரு உறவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது. பட்டியலில் ஒரு விதியை மீறுவது என்பதைவிட ஆழமான விஷயம் அது.

எதெல்லாம் விலகல் இல்லை என்பதையும் சொல்லிவிடணும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

சந்தேகம் விலகல் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு இதை மறக்கக் கூடாது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் தோமா. அவர் இந்தியா வந்து, கி.பி. 72-இல் இங்கே கொல்லப்பட்டார் என்பது இந்த ஊர்க் கிறிஸ்தவ மரபு. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை மூன்றும் அவர் நினைவோடு சேர்ந்த இடங்கள். சந்தேகப்பட்டவர் பெயரில் ஒரு பேராலயமே வைத்திருக்கும் ஊர் இது! யோவான் நற்செய்தியில் அந்தக் கதையைக் கவனிச்சுப் படிங்க. நம்பமாட்டேன் என்று சொல்லி ஒரு வாரம் கழித்தும் தோமா மற்றவர்களோடு அதே வீட்டில் இருக்கிறார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை, அவரும் போகவில்லை.

ஒரு சபையை விட்டு வெளியேறுவதும் கடவுளை விட்டு விலகுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நாசரேத்தில் உபதேசியாராக இருந்த சட்டம்பிள்ளை, மிஷனரிகளோடு மோதி வெளியேறி, 1857-இல் இந்தியர்களே நடத்தும் தனிச் சபை ஒன்றைத் தொடங்கினார். அவர் விட்டது மிஷனரிகளின் அதிகாரத்தை. இயேசுவை விடவில்லை.

இதற்கு நேர் எதிரான விஷயமும் உண்டு. எரேமியா 7-ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலய வாசலிலேயே நின்று, உள்ளே போகிறவர்களைப் பார்த்துத்தான் பேசுகிறார். அகதியையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு, திருடிவிட்டு, பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு, இங்கே வந்து நின்றால் பத்திரம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். வாரம் தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் முழுசாக விலகியிருக்கலாம் என்கிறார். வருகைப் பதிவேட்டை வைத்து இதை அளக்க முடியாது.

சம்ப்பில் விரிசல்

சரி, உண்மையாகவே விலகினால் என்ன ஆகும்? எரேமியா 2-ஆம் அதிகாரத்தில் ஒரு படம் வருகிறது. மக்கள் இரண்டு தப்பு செய்தார்கள். ஊறிக்கொண்டே இருக்கும் ஊற்றை விட்டுவிட்டார்கள். தண்ணீர் நிற்காத வெடித்த தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள். அந்த ஊர்களில் பாறையைக் குடைந்து, உள்ளே சாந்து பூசி, மழைநீரைச் சேர்த்து வைப்பார்கள். சாந்து வெடித்தால் முடிந்தது.

இதைச் சின்ன வயசில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். புரிந்தது 2019 கோடையில்தான். அந்த வருஷத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நாலு ஏரியும் வற்றிப்போய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. எங்க வீட்டில் மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிந்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். லாரி வந்து சம்ப் நிரம்பும். இரண்டு நாளில் பாதி இருக்காது. மேல் வீட்டுக்காரர் அதிகம் செலவழிக்கிறார் என்று கீழ் வீட்டுக்காரர் சண்டை. மோட்டார் ரூமுக்குப் பூட்டு. கடைசியில் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு, "சம்ப்ல கிராக் இருக்கு சார், நீங்க ஊத்துறதெல்லாம் மண்ணுக்குப் போகுது" என்றார்.

யாரும் எங்களைத் தண்டிக்கவில்லை. எங்கள் தண்ணீரை யாரும் திருடவுமில்லை. தொட்டியின் தன்மை அது, அவ்வளவுதான். ஆனால் அந்த விரிசலால் தாகம் மட்டும் வரவில்லை. ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோம், பூட்டுப் போட்டோம்.

விலகலின் விளைவு என்று எரேமியா முதலில் சொல்வது இதைத்தான். நீ விட்டுப் போனதே உனக்குப் பாடம் கற்பிக்கும் என்கிறார். பவுலும் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் கடவுளின் கோபத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று தடவை ஒரே மாதிரிச் சொல்கிறார்: மனிதர்கள் எதை விரும்பினார்களோ அதன் கையிலேயே கடவுள் அவர்களை விட்டுவிட்டார். மேலிருந்து இடி விழுவதாக அங்கே இல்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவதுதான் பயங்கரமாக இருக்கிறது.

என் விஷயத்தில் தொட்டி எது என்று யோசித்தேன். வேலைதான். அது கெட்ட விஷயமே இல்லை. ஆனால் நான் யார், எனக்கு என்ன மதிப்பு, என்னை யாராவது ஏற்றுக்கொள்வார்களா என்கிற பதிலையெல்லாம் ஒரு அப்ரைசலில் தேடினேன். நல்ல ரேட்டிங் வந்த சந்தோஷம் இரண்டு வாரம் நின்றது. மூணாவது வாரம் தொட்டி காலி. உங்களுக்கு அது காதலாக இருக்கலாம், லைக்ஸாக இருக்கலாம், சிலருக்கு ஊழியமாகவே இருக்கலாம். கிறிஸ்தவம் சொல்வது இவ்வளவுதான்: ஊற்று தாங்க வேண்டிய பாரத்தைத் தொட்டி தாங்காது.

அப்போ தண்டனை என்று ஒன்றே இல்லையா?

இங்கே நான் ஏமாற்றக் கூடாது. வேதாகமத்தில் கடவுள் தண்டிக்கிறார் என்று நேராகச் சொல்லும் பகுதிகள் நிறைய உண்டு. உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஆசீர்வாதங்களும் சாபங்களும் நீண்ட பட்டியலாக வருகின்றன. எருசலேம் பாபிலோனியரிடம் விழப்போவது கடவுளின் தீர்ப்பு என்று எரேமியாவே சொன்னார். அப்படிச் சொன்னதற்காகத் தண்ணீரில்லாத, சேறு மட்டும் இருந்த ஒரு தொட்டிக்குள் அவரையே இறக்கினார்கள். வெடித்த தொட்டியைப் பற்றிப் பேசியவருக்குக் காலித் தொட்டியே சிறை!

ஆனால் அந்தத் தீர்ப்பு யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கவனியுங்க. ராஜா, பூசாரி, பணக்காரர் என ஒரு நாட்டையே நடத்தியவர்களுக்கு, பல வருஷம் எச்சரித்த பிறகு சொல்லப்பட்டது. அதை எடுத்து ஒரு வீட்டு நோயாளியின் கட்டிலுக்கு மேல் ஒட்ட முடியாது. அப்படி ஒட்டுகிறவர்களை இதே வேதாகமம் மறுக்கிறது. யோபுவின் நண்பர்கள் கதை முழுக்க அதைத்தான் செய்கிறார்கள், முடிவில் கடவுள் அவர்கள்மேல்தான் கோபப்படுகிறார். யோவான் 9-இல் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா பெற்றோரா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு இரண்டு பேரும் இல்லை என்கிறார். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த விபத்தைப் பற்றிப் பேசும்போது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்கிறார். அதே மூச்சில் கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். அடுத்தவர் துயரத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிட்டு உன்னைப் பார் என்பது மாதிரி.

லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் கதையும் அப்படித்தான். இளைய மகன் அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கு கேட்டு வாங்கி, தூரதேசம் போய், எல்லாவற்றையும் அழித்து, பஞ்சம் வந்து, பன்றி மேய்க்கிறான். அப்பா ஆள் அனுப்பி அவனை அடித்ததாகக் கதையில் இல்லை. விளைவு என்னவென்றால் பசி, யாரும் எதுவும் கொடுக்காத தனிமை. பிள்ளைகளின் வீட்டிலிருந்து பன்றிக் கொட்டிலுக்கு அவன் நடந்தே போயிருக்கிறான்.

அந்தக் கதையில் மூத்த மகன் வீட்டை விட்டுப் போகவே இல்லை. தம்பி வந்துவிட்டான், விருந்து நடக்கிறது என்றதும் உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறான். யார் தூரத்தில் இருந்தது என்று நீங்களே சொல்லுங்க.

திரும்பி வர வழி உண்டா?

இந்தக் கேள்வி திருச்சபையையே ஒரு தடவை இரண்டாகப் பிளந்திருக்கிறது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசர் தேசியஸ், பேரரசில் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் சில பாப்பிரஸ் தாளில் எகிப்தில் இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன. சில கிறிஸ்தவர்கள் மறுத்துச் செத்தார்கள். நிறையப் பேர் பயத்தில் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். நமக்கு இது ரொம்பப் பழக்கமான டெக்னிக்.

ஆபத்து குறைந்ததும் அவர்கள் திரும்பி வந்து ஆலய வாசலில் நின்றார்கள். என்ன செய்வது? கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அதே சபையில் இருக்கின்றன. ரோமில் நோவாசியன் என்ற குரு, இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். அவருக்கென்று தனிச் சபையே உருவானது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் வேறு வழியில் போனார். உடனே கதவைத் திறந்துவிடவும் இல்லை, பூட்டவும் இல்லை. யார் எந்தச் சூழ்நிலையில் விழுந்தார்கள் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். நீண்ட காலம் மனந்திரும்பித் தவம் செய்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பான்மைத் திருச்சபை அந்தப் பக்கம்தான் நின்றது.

நோவாசியன் பக்கத்தார் பிடித்துக்கொண்ட வசனப் பகுதி எபிரெயர் 6-ஆம் அதிகாரம். இன்றைக்கும் பலரைத் தூங்கவிடாத பகுதி அது. ஒருமுறை ஒளியைப் பார்த்து ருசித்தவர்கள் விழுந்துபோனால் அவர்களை மறுபடியும் புதுப்பிப்பது முடியாது என்கிற அர்த்தத்தில் வருகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் கிறிஸ்தவர்களே ஒத்துப்போவதில்லை. உண்மையான விசுவாசி அப்படி முழுசாக விழவே மாட்டான் என்பார்கள் ஒரு தரப்பினர். விழ முடியும், அதனால்தான் எச்சரிக்கை என்பார்கள் இன்னொரு தரப்பினர். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவரே அடுத்த சில வரிகளில், உங்கள் விஷயத்தில் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று மென்மையாகப் பேசுகிறார். 'நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேனோ' என்று பயப்படுகிற நேயர்களுக்கு, பல மேய்ப்பர்கள் சொல்லும் பதிலையே நானும் சொல்றேன்: முழுசாக இறுகிப்போன மனசுக்கு அந்தப் பயம் வராது.

பேதுருவையும் யூதாஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரே ராத்திரியில் ஒருவர் காட்டிக்கொடுத்தார், இன்னொருவர் தெரியாது என்று மூன்று தரம் மறுத்தார். இரண்டு பேரும் பிறகு நொந்துபோனார்கள். யூதாஸ் வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கப் பிரதான ஆசாரியர்களிடம் போகிறான். தப்பு பண்ணிவிட்டேன் என்கிறான். அவர்கள், அதைப் பற்றி எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று கையை விரிக்கிறார்கள். தனியாகப் போய்ச் செத்துப்போகிறான். பேதுரு மற்ற சீஷர்களோடு இருந்தார். பிறகு கடற்கரையில், கரிநெருப்புப் பக்கத்தில், இயேசு அவரிடம் மூன்று தரம் ஒரே கேள்வி கேட்கிறார்: என்மேல் அன்பாயிருக்கிறாயா? அவர் மறுத்ததும் ஒரு கரிநெருப்புப் பக்கத்தில்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் பல வித்தியாசங்கள் சொல்வார்கள். நான் கவனித்தது ஒன்று. திரும்பி வந்தபோது யார் எதிரில் இருந்தார்கள் என்பது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறவனிடம் பேசப்போகும் யாரும் அந்த ஆசாரியர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு

உங்கள் வேலை போனதற்கும் நீங்கள் சர்ச்சுக்குப் போகாததற்கும் யாராவது கோடு போட்டால், அந்தக் கோட்டை இயேசு போடவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்க. அதே நேரம், இந்த மூணு வருஷத்தில் உள்ளே ஏதாவது வறண்டிருக்கிறதா என்ற கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்க. அம்மா கேட்பதற்கும் நீங்களே கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கு. ஒருவேளை பதில் ஆமாம் என்றால், திரும்புவதற்குப் பெரிய சாட்சியெல்லாம் தயார் பண்ண வேண்டாம். அந்த இளைய மகனும் வழியெல்லாம் ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் வந்தான். அப்பா அதை முடிக்கவிடவில்லை.

என் கதை எங்கே நிற்கிறது என்று கேட்பீங்க. அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை, பேச்சு கொஞ்சம் குழறும். ஒருநாள் அந்தப் போதகர் சொன்னதை அவரிடமே சொல்லிவிட்டேன். பாதி முகத்தில் சிரித்தார். "நான் பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போடல. அதுக்கு நீ என்னல செய்வ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அந்த நாலு வருஷமும் போனில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். சர்ச்சுக்குப் போனியா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருஷத்திலிருந்து சில ஞாயிறுகளில் கத்தீட்ரல் ரோடு ஆலயத்துக்குள் போகிறேன். பின்வரிசையில் உட்காருவேன். சில வாரம் ஒன்றும் தோன்றாது. சில வாரம் ஒரு பாட்டின் நடுவில் தொண்டை அடைக்கும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த எபிசோடைக் கேட்டுத் தெரிந்துகொள்வாங்கனு நினைக்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவுதான். நீங்கள் வேறு நம்பிக்கையில் இருக்கலாம், எந்த நம்பிக்கையிலும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் இதுக்கு என்ன சொல் இருக்கு, விலகியவரை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதைப் பேசலாம்.